செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற பின்பு

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்" என்னும் சொற்களை ஒருமுறையேனும் கேளாத குடும்பம் நம்மிடையே அரிது. மருத்துவர் சொல்ல விரும்புவது, நோயை நீக்குவது இனித் தம்மால் ஆகாது என்பதே. நம் செவியில் விழுவதோ, அந்த நோயாளிக்கென்று இனி எவரும் எதுவும் செய்ய இயலாது என்பது. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு பெரிய நிலப்பரப்பு இருக்கிறது. வறண்ட உதட்டை நனைத்தல், ஒருபக்கமாய்க் கிடந்து நொந்த உடலைப் புரட்டிவிடுதல், வலி எழுமுன் மருந்து கொடுத்தல், இரவில் விழித்திருத்தல் ஆகிய பணிகள் நிறைந்த நிலப்பரப்பு அது. அதில் உழைத்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் துறவியர் பலர். மருத்துவ வரலாற்று நூல்கள் கண்டுபிடிப்புகளைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, இவர்களை ஓரிரு பத்திகளில் வணங்கிக் கடந்துவிடுகின்றன. வணக்கம் போதாது, அவர்கள் செய்தது என்ன, எப்படிச் செய்தார்கள், எங்கே தவறினார்கள் என்பதையும் அறிய வேண்டும்.

பதினாறாம் நூற்றாண்டின் உரோமை நகரிலிருந்து தொடங்கலாம். 1550-இல் பிறந்த கமில்லஸ் தெ லெல்லிஸ் என்பவர் போர்வீரர். நெடிய உடலும் முன்கோபமும் உடையவர். உடுத்திய ஆடை வரைக்கும் வைத்துத் தோற்ற சூதாடி. அவர் காலில் ஒரு புண் இருந்தது. வாழ்நாள் முழுவதும் ஆறாத அந்தப் புண்ணே அவரை உரோமையில் இருந்த தீராநோயாளர்களுக்கான சான் ஜாக்கமோ மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது. நோயாளியாய் நுழைந்தவர், அங்கேயே ஏவலாளாய்ச் சேர்ந்து, சூதினாலும் சண்டையினாலும் வெளியேற்றப்பட்டு, மனம் திரும்பி மீண்டும் வந்து, இறுதியில் அம்மனையின் மேற்பார்வையாளரானார். அக்காலத்து மருத்துவமனைகளில் நோயாளரைக் கவனித்தவர்கள் வேறு பிழைப்புக் கிடைக்காத கூலியாட்கள். சாகக் கிடப்பவனின் படுக்கையை மாற்றுவதில் அவர்களுக்கு என்ன அக்கறை இருக்க முடியும்? கூலிக்காக அன்றி அன்பிற்காக இப்பணியைச் செய்யும் ஒரு குழு வேண்டும் என்னும் எண்ணம் கமில்லசுக்கு அங்கேதான் பிறந்தது. 1584-இல் குருவானார். 1586-இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அவருடைய தோழர்களை அங்கீகரித்து, கரிய அங்கியில் செஞ்சிலுவை அணியும் உரிமையையும் அளித்தார். செஞ்சிலுவைச் சங்கம் தோன்றுவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது.

கமில்லஸ் தம் தோழர்களுக்கு வகுத்த விதிகளில் ஒன்று நம் கவனத்திற்குரியது. ஒரே பிள்ளை நோயுற்றிருக்கும்போது ஒரு தாய் எத்தகைய பரிவோடு இருப்பாளோ, அத்தகைய பரிவை அயலான் ஒவ்வொருவன்மீதும் தமக்கு அருள வேண்டுமென அவர்கள் ஆண்டவரிடம் மன்றாட வேண்டும் என்பது அது. முரட்டுப் போர்வீரன் ஒருவன் ஆண்களுக்கு எழுதிய விதியில் தாய்மையை அளவுகோலாக வைத்தது வியப்பிற்குரியது. எனினும் அவர் உணர்ச்சியோடு நின்றுவிடவில்லை. உணவு, விரிப்பு, அறையின் காற்று ஆகியவற்றில் அவர் கண்டிப்பானவர். இறந்துவிட்டதாக எண்ணப்பட்டவர்களுள் சிலர் உண்மையில் இறவாதவர்கள் என்பதை அவர் கண்டறிந்தார். ஆதலால் மூச்சு நின்றதாகத் தோன்றிய பின்னும் கால்மணி நேரம் முகத்தை மூடாமல் காத்திருந்து செபிக்குமாறு பணித்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. உயிருக்கு ஆபத்து நேரினும் நோயாளரைக் கைவிடோம் என்பது அச்சபையார் இன்றளவும் எடுக்கும் நான்காம் வார்த்தைப்பாடு. அவர் 1614-ஆம் ஆண்டு ஜூலை 14-இல் உயிர்நீத்தார். 1886-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அவரை நோயாளர்களின் பாதுகாவலராகவும், 1930-இல் பதினொன்றாம் பத்திநாதர் செவிலியரின் பாதுகாவலராகவும் அறிவித்தனர்.

பிரான்சில் புனித வின்சென்ட் தே பவுலும் புனித லூயிஸ் மரில்லாக்கும் 1633-இல் நிறுவிய பிறரன்புப் புதல்வியர், மடத்துச் சுவருக்குள் அடைபடாமல் ஏழைகளின் இல்லம் தேடிச் சென்றவர்கள். அன்பு இருந்தும் வசதியில்லாத நிலை என்ன செய்யும் என்பதற்குப் பாரிசின் பழம்பெரும் மருத்துவமனையான ஓத்தெல்-தியே சான்று. பிரெஞ்சுப் புரட்சிக்குச் சற்று முன், 1788-இல் ஜாக் தெனோன் என்னும் அறுவை மருத்துவர் வெளியிட்ட அறிக்கையில், ஒரே கட்டிலில் நால்வரும் அறுவரும் கிடந்த காட்சி விவரிக்கப்பட்டுள்ளது. காய்ச்சல்காரனும் இறந்துகொண்டிருப்பவனும் ஒரே போர்வைக்குள் கிடந்தனர். கன்னியர் ஓயாமல் உழைத்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆளுக்கொரு கட்டில் இல்லாத இடத்தில் ஆறுதல் என்பது எங்ஙனம் கைகூடும்?

கட்டிலையும் காற்றையும் ஒளியையும் செவிலியரின் கடமையாக எழுதிவைத்தவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல். 1854-இல் கிரிமியப் போரின்போது அவர் ஸ்குட்டாரிக்கு அழைத்துச் சென்ற 38 பெண்களுள் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பதை நம்மில் பலர் அறியோம். அவர்களுள் ஐவர் இலண்டனின் பெர்மாண்ட்சிப் பகுதியில் இருந்த இரக்கத்தின் சகோதரிகள். அன்னை மேரி கிளேர் மூர் அவர்களுக்குத் தலைவி. கத்தோலிக்கர்மேல் ஐயம் மிகுந்திருந்த அன்றைய இங்கிலாந்தில் இது சிறிய செய்தியன்று. மேற்பார்வைப் பணிக்குத் தம்மினும் தகுதி வாய்ந்தவர் அன்னை கிளேரே என்று நைட்டிங்கேல் அவருக்கே மடல் எழுதினார். அந்த நட்பு அன்னையின் மறைவுவரை நீடித்தது.

"விளக்கேந்திய மங்கை" என்று பள்ளிப் பாடங்களில் நாம் படித்த படம் பாதி உண்மையே. நைட்டிங்கேல் வந்தபின்பும் அந்தக் குளிர்காலம் முழுவதும் வீரர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தனர். 1855-ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழு மருத்துவமனைக்கடியில் அடைபட்டுக் கிடந்த சாக்கடைகளைத் துப்புரவு செய்த பின்னரே சாவு குறைந்தது. விளக்கு ஆறுதல் அளித்தது. உயிர் காத்ததில் சாக்கடைத் துப்புரவிற்குப் பெரும்பங்கு உண்டு. எண்களில் வல்லவரான நைட்டிங்கேல் இதனைப் பின்னாளில் நன்குணர்ந்தார். 1859-இல் அவர் எழுதிய செவிலியர் பணி பற்றிய சிறுநூல் இவ்வனுபவத்தின் விளைவு. நோயாளிக்குப் படுக்கைப்புண் வருமாயின் அது பெரும்பாலும் நோயின் குற்றமன்று, பராமரிப்பின் குற்றம் என்று அதில் அவர் கூறுகிறார். நோயாளியின் அறை வாசலில் நின்று மருத்துவரும் உறவினரும் தாழ்ந்த குரலில் கிசுகிசுப்பதை அவர் கொடுமை என்கிறார். உள்ளே கிடப்பவர் தம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ஒவ்வோர் அசைவிற்கும் செவிசாய்த்து நொந்துபோகிறார் என்பது அவர் வாதம். வருகிறவர்கள் எல்லாரும் "ஒன்றுமில்லை, எழுந்துவிடுவீர்கள்" என்று பொய்யாகத் தேற்றுவதையும் அவர் வெறுத்தார். நம் வீடுகளில் இவை இரண்டும் இன்றும் குறைவின்றி நடைபெறுகின்றன.

நைட்டிங்கேலின் கவனம் பெரும்பாலும் பிழைக்கக்கூடியவர்கள்மேல் இருந்தது. பிழைக்கமாட்டாதவர்களை அக்காலப் பெரிய மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்ளவே தயங்கின. கட்டில் குறைவு, குணமாகிறவனுக்கே இடம். எஞ்சியோர்க்குப் போக்கிடம் வறியோர் விடுதி அல்லது தெரு. இந்த இடைவெளியை அயர்லாந்தில் கண்டவர்கள் அன்னை மேரி ஐக்கன்ஹெட் 1815-இல் நிறுவிய பிறரன்புச் சகோதரிகள். அன்னையே முதுகெலும்பு நோயால் பல்லாண்டு படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் கழித்தவர்; அங்கிருந்தபடியே சபையை ஆண்டவர். டப்ளினில் ஹெரால்ட்ஸ் கிராஸ் என்னுமிடத்தில் அவர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த இல்லமே, அவர் இறந்து 21 ஆண்டுகளுக்குப் பின், 1879-இல் சாகுந்தறுவாயில் உள்ளோர்க்கான இல்லமாகத் திறக்கப்பட்டது. வழிப்போக்கர் சத்திரத்தைக் குறித்த "ஹாஸ்பிஸ்" என்னும் பழஞ்சொல் அதற்குப் பெயராயிற்று. 1905-இல் அச்சகோதரிகள் இலண்டனின் கீழ்க்கோடியில், ஏழைத் தொழிலாளர் நிறைந்த ஹாக்னியில், இதே போன்ற இல்லமொன்றைத் திறந்தனர். நன்மரணத்தின் பாதுகாவலரான புனித சூசையப்பரின் பெயரை அதற்குச் சூட்டினர். சூசையப்பரிடம் நன்மரணத்திற்காக நாள்தோறும் மன்றாடும் நமக்கு இப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

ஹாக்னிக்கு மீண்டும் வருவோம். அதற்குமுன் கோபன்ஹேகனுக்குச் செல்ல வேண்டும். ஏனெனில், இன்று நாம் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று அழைக்கும் கண்ணாடி அறையின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

1952-ஆம் ஆண்டின் கோடையில் டென்மார்க்கின் தலைநகரை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. பிளெக்டம் மருத்துவமனைக்கு நாள்தோறும் நோயாளர் குவிந்தனர். பலருக்குக் கால்கள் மட்டுமன்றி விழுங்கும் தசைகளும் மூச்சுத் தசைகளும் செயலிழந்தன. இரும்பு நுரையீரல் எனப்பட்ட பெட்டி அங்கே ஒன்றே ஒன்று. மார்புக்கவசம் போன்ற சிறு கருவிகள் ஆறு. முதலில் இவற்றில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தனர். தலைமை மருத்துவர் லாசென், மயக்கவியல் வல்லுநரான பியோர்ன் இப்சனை அழைத்தார். நோயாளரைக் கொல்வது மூளைக்குள் பரவிய நோயன்று, வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கும் கரிவளியே என்று இப்சன் கருதினார். ஆகஸ்டு 27-இல், மூச்சுத் திணறி நினைவிழந்துகொண்டிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையொன்றைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள்.

முறை கிடைத்துவிட்டது, ஆனால் அதனைச் செய்யும் பொறி கிடையாது. பையை அழுத்தக் கை வேண்டும், அதுவும் இரவு பகலாக, வாரக்கணக்கில். மருத்துவ மாணவர்கள் அழைக்கப்பட்டனர். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, ஒவ்வொரு நோயாளியின் தலைமாட்டிலும் அமர்ந்து, பையை அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்தனர். அவர்கள் உழைத்த நேரம் 1,65,000 மணி என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஒரு கட்டத்தில் எழுபது பேர் ஒரே நேரத்தில் இவ்வாறு பிறர் கையினால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தனர். செவிலியரோ குழாயில் அடைக்கும் கோழையை உறிஞ்சியெடுத்து, அசையாத உடல்களைப் புரட்டி, குழாய்வழி உணவூட்டி, கண்ணுறங்காமல் நின்றனர். நோயாளர் பலர் முழு நினைவோடு இருந்தனர். தொண்டையில் குழாய் இருந்ததால் பேச மட்டும் முடியவில்லை. மாணவர்கள் அவர்களுக்குக் கதை வாசித்தனர். விடியுமுன் தாம் காத்த உயிர் பிரிந்த அனுபவமும் அவர்களுள் சிலருக்கு உண்டு. எனினும் சாவு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. 1953-இன் இறுதியில் இப்சன் அந்நகரின் மற்றொரு மருத்துவமனையில், கவலைக்கிடமான நோயாளர் யாவரையும் ஒரே கூடத்தில் வைத்து இரவுபகல் கண்காணிக்கும் பிரிவொன்றை அமைத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் அதுவே.

பின்னர் கையின் இடத்தைப் பொறி எடுத்துக்கொண்டது. அதனால் காக்கப்பட்ட உயிர்கள் எண்ணிறந்தவை; ஆதலால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கையோடு சேர்ந்து முகமும் தலைமாட்டிலிருந்து அகன்றது. பையை அழுத்தியவன் நோயாளியின் கண்களைப் பார்த்தே அழுத்தினான். பொறியைக் கண்காணிப்பவரின் பார்வை எண்கள் ஓடும் திரையின்மேல் இருக்கிறது. குழாயினால் வாயடைக்கப்பட்டவர் தம் வலியைச் சொல்ல வழியில்லை என்பதைச் செவிலியர் உலகம் முறையாக எதிர்கொள்ள ஐம்பது ஆண்டுகள் ஆயின. முகச்சுளிப்பு, உடலசைவு, தசையின் இறுக்கம், பொறியோடு ஒத்துப்போகாமல் திமிறுதல் ஆகிய நான்கையும் நோக்கி வலிக்கு மதிப்பெண் இடும் முறை 2006-இல்தான் கனடாவில் வெளியாயிற்று. அதனை வகுத்தவர் செலின் ஜெலினாஸ் என்னும் செவிலியர்.

மூச்சுப்பொறி வந்ததும் அறநெறிக் கேள்விகளும் உடன் வந்தன. மீள வழியில்லாதவரைப் பொறியில் வைத்திருக்கக் கடமை உண்டா? திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-ஆம் ஆண்டு நவம்பர் 24-இல் மயக்கவியல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளவே ஒருவர் கடமைப்பட்டவர் என்றும், தமக்கோ பிறர்க்கோ பெருஞ்சுமையாகும் அசாதாரண வழிகளுக்குக் கட்டாயமில்லை என்றும் விளக்கினார். அதே ஆண்டு பிப்ரவரி 24-இல் அவர் ஆற்றிய மற்றோர் உரை நம் மக்களிடையே இன்னும் குறைவாகவே அறியப்பட்டுள்ளது. வலி நீக்கும் மருந்து நினைவை மங்கச் செய்து, ஒருவேளை வாழ்நாளைச் சற்றுக் குறைக்குமாயினும் கொடுக்கலாமா என்னும் கேள்விக்கு, வேறு வழியில்லாதபோது, நோயாளி தம் சமய, அறக் கடமைகளை நிறைவேற்ற அது தடையாகாதபோது, கொடுக்கலாம் என்று விடையளித்தார். நோக்கம் வலியை நீக்குவதே, உயிரைப் போக்குவதன்று. துன்பத்தை ஆண்டவரின் பாடுகளோடு ஒன்றித்து ஒப்புக்கொடுப்பது உயர்ந்தது என்று நாம் கற்றிருக்கிறோம். ஆனால் அது ஒருவர் தாமாக மனமுவந்து செய்வது. படுக்கையில் துடிக்கும் முதியவரிடம், "ஆண்டவருக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி மருந்தை மறுக்கும் உரிமை அருகில் நிற்கும் நலமுள்ளோர்க்கு இல்லை.

1957-இல் மருத்துவப் பட்டம் பெற்று வெளிவந்தார் சிசிலி சாண்டர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 39 வயதை எட்டும் நிலையில் மருத்துவராவது அரிது. அவர் வந்த வழியும் நேர்வழியன்று. 1940-இல் ஆக்ஸ்போர்டு படிப்பை இடையில் விட்டு, புனித தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் நிறுவிய பள்ளியில் செவிலியராகப் பயின்றார். முதுகுவலி அப்பணியைத் தொடரவிடவில்லை. மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். அப்போது அவர் கவனிப்பில் வந்தவர் டேவிட் டாஸ்மா என்னும் போலந்து நாட்டு யூதர். உணவு விடுதிப் பணியாளர். புற்றுநோயால் அந்நிய நாட்டில் தனியே இறந்துகொண்டிருந்தவர். இத்தகையோர்க்கு எத்தகைய இல்லம் வேண்டுமென்று இருவரும் பலமுறை உரையாடினர். 1948 பிப்ரவரியில் அவர் இறந்தபோது 500 பவுனைச் சாண்டர்சுக்கு விட்டுச் சென்றார், வரப்போகும் அந்த இல்லத்தில் ஒரு சாளரமாகத் தாம் இருக்கவேண்டுமென்று.

சாண்டர்ஸ் மாலை வேளைகளில் இலண்டனின் புனித லூக்கா இல்லத்தில் தொண்டராகச் செவிலியப் பணி செய்தார். சாகுந்தறுவாயில் இருந்த ஏழைகளுக்கென 1893-இல் தொடங்கப்பட்ட அவ்வில்லத்தில் ஒரு வழக்கம் அவர் கண்ணில் பட்டது. மற்ற மருத்துவமனைகளில் நோயாளி வலிபொறுக்காமல் கதறிய பிறகே மார்பின் ஊசி கிடைக்கும். அடுத்த ஊசிக்கு மீண்டும் கதற வேண்டும். அடிமையாகிவிடுவார் என்னும் அச்சமே காரணம். புனித லூக்கா இல்லத்திலோ, நான்கு மணிக்கு ஒருமுறை, வலி வந்தாலும் வராவிட்டாலும், வாய்வழியாக மார்பின் கொடுத்துவந்தனர். நோயாளர்கள் மயங்கிக் கிடக்கவில்லை. பேசினர், உண்டனர், நாளிதழ் வாசித்தனர். இது பல்லாண்டாகச் செவிலியர் கைக்கொண்ட வழக்கம். எந்த மருத்துவ ஏட்டிலும் எழுதப்படாதது. மருத்துவர்கள் செவிலியரின் சொல்லுக்குச் செவிசாய்க்கமாட்டார்கள், இறப்பவர்களைக் கைவிடுகிறவர்களே மருத்துவர்கள்தாம், ஆகவே மருத்துவம் படி என்று அறுவை மருத்துவர் ஒருவர் சாண்டர்சுக்கு அறிவுரை கூறினார். அதன்படியே செய்தார்.

1958-இல் அவர் ஹாக்னியின் சூசையப்பர் இல்லத்திற்கு ஆய்வாளராக வந்தார். அங்கே ஏறத்தாழ 150 கட்டில்கள். அவற்றுள் நாற்பதுக்கு மேற்பட்டவை புற்றுநோய் முற்றியவர்களுக்கு. ஐரிஷ் சகோதரிகளிடம் அன்பு இருந்தது, பொறுமை இருந்தது, தூய்மை இருந்தது. ஏடுகள் மட்டும் இல்லை. யாருக்கு எப்போது எவ்வளவு வலி, எந்த மருந்துக்குப் பின் எவ்வளவு நேரம் தணிந்தது என்னும் குறிப்புகளே கிடையா. சாண்டர்ஸ் நான்கு மணி முறையை அங்கே கொணர்ந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் அட்டை வைத்தார். அவர்கள் பேசுவதை ஒலிநாடாவில் பதிந்தார். ஏழாண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் குறிப்புகள் சேர்ந்தன. முறையாகக் கொடுக்கப்பட்ட மார்பினால் எவரும் அடிமையாகி அலையவில்லை என்பதையும், மருந்தின் அளவு கட்டுக்கடங்காமல் ஏறவில்லை என்பதையும் அந்த அட்டைகள் காட்டின. நோய்த்தணிப்பு மருத்துவம் என்னும் துறையே அந்த அட்டைகளின்மேல் எழுந்தது எனலாம்.

என் எண்ணத்தில், இந்த வரலாற்றின் நடுப்புள்ளி இதுவே. அன்புடையார் கணக்கு வைப்பதில்லை என்றும், கணக்கு வைப்பார்க்கு அன்பில்லை என்றும் நாம் இரண்டையும் எதிரெதிராக நிறுத்திவிடுகிறோம். ஹாக்னியில் இரண்டும் ஒரே கூடத்தில் ஏழாண்டுகள் அருகருகே உழைத்தன. சகோதரிகள் ஆங்கிலிக்கப் பெண்ணொருவரிடம் குறிப்பெழுதக் கற்றனர். அவரோ, நோயாளியின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, அவசரமின்றிக் கேட்பதை அவர்களிடமிருந்து உறுதிப்படுத்திக்கொண்டார். வலி எங்கே என்று கேட்டபோது, முதுகில் தொடங்கியது, இப்போது என் முழு வாழ்வுமே பிசகிவிட்டதுபோல் இருக்கிறது என்னும் பொருளில் ஒரு பெண் விடையளித்து, கணவனும் மகனும் வேலைக்குப் போகமுடியாமல் தவிப்பதையும் சொன்னாள். இத்தகைய விடைகளிலிருந்தே, உடல், உள்ளம், குடும்பம், ஆன்மா ஆகிய நான்கும் சேர்ந்ததே வலி என்னும் "முழுவலி"க் கருத்தைச் சாண்டர்ஸ் 1964-இல் எழுதினார். 1967-இல் தென் இலண்டனின் சிடன்ஹாம் பகுதியில் அவர் திறந்த புனித கிறிஸ்தோபர் இல்லத்தில் டாஸ்மாவின் சாளரம் அமைக்கப்பட்டது. உலக நலவாழ்வு நிறுவனம் 1986-இல் வெளியிட்ட புற்றுநோய் வலி வழிகாட்டியில், மருந்தை வாய்வழியாகவும் கடிகாரப்படியும் கொடுக்க வேண்டும் என்று காண்பது, புனித லூக்கா இல்லத்துச் செவிலியரின் பழைய வழக்கமே. சாண்டர்ஸ் 2005-ஆம் ஆண்டு ஜூலை 14-இல், தாம் நிறுவிய அவ்வில்லத்திலேயே காலமானார். அந்நாள் புனித கமில்லசின் திருநாள்.

மருந்தைப் போலவே கையின் பணியும் ஆராயப்பட்டது. படுக்கைப்புண்ணைத் தடுக்கச் செவிலியர் தலைமுறை தலைமுறையாகச் சாராயமும் களிம்பும் தேய்த்துவந்தனர். டோரின் நார்ட்டன் என்னும் ஆங்கிலச் செவிலியர் தம் தோழர்களுடன் முதியோர் கூடங்களில் ஆராய்ந்து 1962-இல் வெளியிட்ட நூல், புண்ணைத் தடுப்பது களிம்பன்று, அடிக்கடி புரட்டி அழுத்தத்தைப் போக்குவதே என்று நிலைநாட்டியது. உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், அசையும் ஆற்றல், மலசலக் கட்டுப்பாடு என்னும் ஐந்தையும் எண்ணால் மதிப்பிட்டு யாருக்குப் புண்வரும் என்று முன்னறியும் அவரது அளவை இன்றும் பயன்படுகிறது. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது மூச்சுப்பொறியில் இருந்தவர்களைக் குப்புறப் புரட்டிக் கிடத்த ஐந்தாறு பேர் சேர்ந்து, குழாய் நழுவாமல், முகம் நசுங்காமல் செய்த பணியைச் செய்தித்தாள்களில் கண்டோம். உறவினர் உள்ளே வர இயலாத அந்நாட்களில், கைப்பேசியை நோயாளியின் காதருகே பிடித்துக்கொண்டு நின்றவர்களும் செவிலியரே.

இவ்வரலாறு ஏறுமுகமாகவே சென்றது என்று எண்ணிவிடலாகாது. ஹாஸ்பிஸ் இல்லங்களில் நடந்ததைப் பொது மருத்துவமனைகளிலும் நடத்தும் நன்னோக்கத்தோடு, 1990-களின் பிற்பகுதியில் லிவர்பூலில் ஓர் ஒழுங்குமுறை வகுக்கப்பட்டது. இறுதி நாட்களில் எவற்றை நிறுத்த வேண்டும், எவற்றைக் கொடுக்க வேண்டும், வாயை எப்போது ஈரப்படுத்த வேண்டும் என்பன வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. இங்கிலாந்து முழுவதும் அது பரவியது. பரவியபோது ஏடு சென்றது. ஏட்டை எழுதியவர்களின் கவனம் உடன் செல்லவில்லை. கட்டங்களில் குறியிடப்பட்டது, குடும்பத்தாரிடம் எவரும் பேசவில்லை. தண்ணீர் கேட்டவருக்கும் கிடைக்கவில்லை என்னும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. ஜூலியா நியூபெர்கர் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை 2013-இல் வெளிவந்தபின் அம்முறை கைவிடப்பட்டது. ஹாக்னியில் இல்லாதிருந்தது ஏடு. லிவர்பூல் முறை சென்ற பல கூடங்களில் இல்லாமற்போனது கட்டிலருகே ஒரு நாற்காலி.

திருச்சபையின் வழிபாட்டிலும் இதற்கிணையான மாற்றம் நிகழ்ந்தது. நம் பாட்டிமார் "அவஸ்தைபூசுதல்" என்று நடுங்கிச் சொன்ன அருட்சாதனத்தை "நோயில்பூசுதல்" என்று அழைப்பதே பொருத்தம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் அறிவித்தது. குருவானவர் எண்ணெயோடு வந்தால் ஆள் பிழைக்கமாட்டார் என்று கடைசி மூச்சுவரை அவரை அழைக்காமல் இருக்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் முற்றாக நீங்கவில்லை. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, நோய்த்தணிப்புப் பராமரிப்பைத் தன்னலமற்ற அன்பின் சிறப்பு வடிவம் எனப் போற்றி, அது ஊக்குவிக்கப்பட வேண்டும் என்கிறது.

நம் நாட்டில் முதல் ஹாஸ்பிஸ் 1986-இல் மும்பையின் பாந்திராவில், மலைமாதா ஆலயத்திற்கு அருகே, மருத்துவர் லூயிஸ் டிசோசாவின் முயற்சியால் "சாந்தி அவேதனா" என்னும் பெயரில் எழுந்தது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டில்தான் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. கள்ளக்கடத்தலை ஒடுக்க வந்த அச்சட்டத்தின் கெடுபிடியால் மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்பினை வாங்கி வைக்கவே அஞ்சின. உலகின் மருந்துத் தேவைக்குச் சட்டப்படி அபின் விளைவித்து அனுப்பும் நாட்டில், புற்றுநோயாளிக்கு ஒரு மார்பின் மாத்திரை கிடைக்கவில்லை. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர் இராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலிநிவாரண அமைப்பும், அதனைத் தொடர்ந்து எழுந்த இயக்கங்களும் பல்லாண்டு வாதாடிய பிறகு, 2014-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி உரிம முறையை எளிதாக்கியது.

கேரளத்தில் அவ்வியக்கம் பெரிய கட்டடங்களை எழுப்பவில்லை. வாகனத்தில் செவிலியர் ஒருவர் வீடு தேடி வருகிறார். தாம் செய்வதோடு நில்லாமல், வீட்டிலுள்ள மகளுக்கும் மருமகளுக்கும், ஏன், தயங்கி நிற்கும் மகனுக்கும் கற்றுக்கொடுக்கிறார்: விரிப்பில் மடிப்பு விழாமல் இழுத்துவிடுவது எப்படி, இருவர் சேர்ந்து உடலை எந்தப் பக்கமிருந்து புரட்டுவது, புண்ணின் நாற்றத்தை எவ்வாறு போக்குவது, சுத்தமான ஈரத்துணியால் நாக்கையும் ஈறுகளையும் துடைப்பது எங்ஙனம், மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுப்பது. கொடுத்த நேரத்தைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலாவது குறித்துவைக்கச் சொல்கிறார். நோயாளியைப் பற்றி ஏதேனும் கேட்க வேண்டுமானால், வாசலுக்கு வந்து தாழ்ந்த குரலில் கேட்க வேண்டாம், அவர் அருகிலேயே, அவரிடமே கேளுங்கள் என்கிறார்.